பேனா உருளாத மேசை

தாயி,

இன்று காலையில் உன் மேசைமேல் பேனாவை வைத்தேன், அது உருளவில்லை. போன ஐப்பசியிலிருந்து வைத்தால் வைத்த மாத்திரத்தில் கதவுப் பக்கமாக ஓடித் தரையில் விழுகிற பேனா. வழக்கம்போல் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு பைத்தியக்காரன் மாதிரி நின்றேன். நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். நீ பென்சிலால் இழுத்த மூன்று கோடுகளும் விரிசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாய்ச் சேர்ந்து நேராக நின்றன. உன் அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டு என்னத்தைச் சொல்ல?

கோடை வந்துவிட்டது, அவ்வளவுதான். நம் கரிசல் மண் வெயிலுக்கு வெடித்துச் சுருங்கும். ஜன்னல் பக்கத்து மூலை கொஞ்சம் இறங்கும், சுவர் விரல் நுழைகிற அளவுக்குப் பிளக்கும். மழை விழுந்தால் மண் உப்பி அந்த மூலையைத் திரும்பத் தூக்கிவிடும், விரிசல் மூடிக்கொள்ளும். அதனால்தான் நம் ஊரில் கல்யாணப் போட்டோவைக்கூட மழை முடிந்த பிறகு மாட்டுவார்கள். நீ போன சித்திரையில் வந்து இறங்கியபோதும் சுவர் இப்படித்தான் பிளந்து கிடந்தது.

இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன, வாரத்துக்கு இரண்டு நாள் மதுரைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று ஆன பிறகு, மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க உன் கம்பெனிக்காரர்கள் சம்மதித்தார்கள். பருத்தி விதை மூட்டைகள் கிடந்த அறையை உனக்கு ஒழித்துக் கொடுத்தோம். கட்டிலைப் போட்டதும் அறையில் பாதி போய்விட்டது. தலையணைமேல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வேலை பார்த்தாய். ஒரு நாள் கம்ப்யூட்டரில் உன்னைப் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கத்திலிருந்து யாரோ, நீங்கள் ஓய்வெடுங்கள் என்று தன்மையாகச் சொல்லி, உன் பெரிய வேலையை வாங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று சாயந்திரம் நீ அழவில்லை. கடையிலிருந்து வந்த என்னைச் சட்டைகூடக் கழற்றவிடாமல் பிடித்துக்கொண்டாய்.

"படுத்துக்கிட்டே வேலை பாத்தா சீக்குக்காரியாத்தான்ப்பா தெரிவேன். எனக்கு மேசை வேணும்."

போனில் ஒரு படத்தையும் காட்டினாய். சுவரோடு ஒட்டிய மேசை, அதற்கு மேலே தட்டுகள், கீழே ஒரு கால்கூடக் கிடையாது. காலில்லாத மேசையை எந்த ஊரில் கண்டாய் என்று எரிந்து விழுந்தேன். கட்டிலை ஒட்டிக் கால் வைத்த மேசை போட்டால் நடக்க இடம் ஏது என்று கேட்டாய். சரி, தட்டு அடிக்கிறது எனக்குத் தெரியாததா, உரக்கடை முழுக்க நான் அடித்த தட்டுதானே என்றேன். அந்தத் தட்டைப் பார்த்தாலே பூச்சிமருந்து வாசம் வருகிறது, எனக்கு ஆசாரிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாய்.

பாலவனத்தத்து ஆசாரி வந்து, விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "ஐப்பசி வரட்டும் மொதலாளி, செவரு மூடட்டும். வெடிச்ச செவத்துல மாட்டுனா கோணிக்கிரும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான், எனக்குத் தெரியாததும் இல்லை. நீதான், "ஐப்பசி வரைக்கும் என் ஆபீசு காத்திருக்காதுண்ணே" என்றாய். ஆபீசை மட்டும்தான் சொன்னாய். ஆசாரி தரையைப் பார்த்தார், நானும் பார்த்தேன். கடைசியில் மேசையை மட்டும் இப்போது மாட்டுவது, மேல்தட்டெல்லாம் மழைக்குப் பிறகு என்று பேசி முடித்தோம்.

அருப்புக்கோட்டையில் போய்ப் பலகை வாங்கி லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தேன். ஆசாரி சுவரில் துளை போட்டார். தூசிக்கு மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, கட்டிலில் மகாராணி மாதிரி உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் வேலை வாங்கினாய். எவ்வளவு உயரம் என்று பேச்சு வந்தபோது நான் என் கடை மேசை உயரத்தைக் கையால் காட்டினேன். "நின்னுக்கிட்டு யூரியா விக்கவாப்பா போறேன்?" என்று கேட்டாயே, ஆசாரி துளைபோடுகிற மெஷினைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஓர் இரும்புத் தாங்கி, அந்தப் பக்கம் ஓர் இரும்புத் தாங்கி, மேலே பலகை. ரசமட்டத்தை வைத்துக் குமிழி நட்டநடுவில் நிற்கிறதா என்று நீயே எழுந்து வந்து குனிந்து பார்த்தாய்.

பிறகு மேல்தட்டுகளுக்குக் கோடு இழுத்தாய். கீழ்க்கோடு ஆபீஸ் சாமானுக்கு, நடுக்கோடு புத்தகத்துக்கு. மேலே இருக்கிறது எதற்கு என்று கேட்டேன். அதை மழைக்குப் பிறகு சொல்கிறேன் என்றாய். மாத்திரை டப்பா மட்டும் எந்தத் தட்டிலும் வரக் கூடாது என்று உன் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னாய். அளவுக்கு அறுத்த பலகைகளை ஆசாரி கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து நீ தலைவாரிப் பொட்டு வைத்து அந்த மேசையில் உட்கார்ந்தாய். முகம் வீங்கியிருக்கும், தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டிய உடம்பு. ஆனால் அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. நீ இங்கிலீஷில் யாரையோ அதட்டுவதைக் கேட்டுக்கொண்டு நான் வாசலில் நிற்பேன். ஒரு வார்த்தை புரியாது. கடை திறக்க நேரமாகிவிட்டது என்று உன் அம்மா வந்து விரட்டினால்தான் போவேன். ஆடி முடியுமுன் அந்தப் பெரிய வேலை உன்னிடமே திரும்பி வந்தது.

ஐப்பசியில் நல்ல மழை. விடாமல் பெய்த ஒரு மழை வெறித்த மறுநாள் பேனா உருண்டது. நீ திரும்ப எடுத்து வைத்தாய், திரும்ப உருண்டது. "பாருங்கப்பா, நெலம் பொரண்டு படுக்குது" என்று சிரித்துவிட்டு, அழிரப்பரை முட்டுக் கொடுத்துப் பேனாவை நிறுத்தினாய். விரிசல் மூடியிருந்தது. உன் கோடுகள், ஜன்னல் பக்கத்துப் பாதி மட்டும் மேலே ஏறி, படிக்கட்டு மாதிரி உடைந்து நின்றன. ஆசாரி வந்து, சுவர்தான் மூடிவிட்டதே, இதை அழித்துவிட்டுப் புதுக்கோடு போட்டுத் தட்டை ஏற்றிவிடலாம் என்றார். மறுநாள் உனக்கு மதுரைக்குப் போகிற முறை.

"மருதைக்குப் போயிட்டு வந்து நானே போடுறேன். யாரும் தொடாதீக" என்றாய்.

எப்போதும் போய் வருகிற மாதிரிதான் போனோம். அங்கே காய்ச்சல் கண்டது, இருக்கச் சொன்னார்கள். வாடின இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டு வந்து காட்டினால் இன்ன நோய், இன்ன மருந்து என்று சொல்கிறவன் நான். திருச்சுழிப் பக்கத்திலிருந்தெல்லாம் என்னைக் கேட்டு வருகிறார்கள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, தாயி. கையெழுத்துக் கேட்ட இடத்தில் போட்டேன், நிற்கச் சொன்ன இடத்தில் நின்றேன். வீட்டுக்கு உன்னைக் கொண்டுவந்தபோதும் மழைதான்.

அந்தத் தைக்கு நமக்குப் பொங்கல் இல்லை, வெள்ளையடிப்பும் இல்லை. அதனால் கோடுகள் தப்பின. உன் அழிரப்பர் என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொள்கிறேன். ஆசாரி கையில் கிடைத்துவிடக் கூடாதே என்றுதான் முதலில் எடுத்தேன். இப்போது அது இல்லாமல் கடைக்குப் போக முடியவில்லை.

இன்று கோடு சேர்ந்ததைப் பார்த்ததும் ஆசாரிக்குப் போன் போட்டு வரவழைத்தேன். தட்டுகளை இன்றைக்கே அடித்துவிடுங்கள் என்றேன். மழைக்குப் பிறகு பார்ப்போம் என்று அவர் பழைய பாட்டையே பாடினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோடு நேராக நிற்கும்போது அடிக்காமல் உடைந்த பிறகா அடிப்பது என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அடிச்சிரலாம் மொதலாளி. ஐப்பசியில கோணிக்கிரும். பெறகு நீங்கதான் அதைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பீக."

கதவோரம் நின்ற உன் அம்மா அப்போதுதான் பேசினாள். "தட்டு அடிச்சா மேல என்னத்தங்க வைக்கிறது?" என்றாள். மேல்தட்டில் என்ன வைப்பதாக இருந்தாய் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. ஆசாரி டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார், பலகைகள் கதவுக்குப் பின்னாலேயே இருக்கின்றன.

மத்தியானம் கடையில் இருந்தேன். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது, குளிர்ந்த காற்று கிளம்பியது. கோடை உழவுக்கு ஒரு மழை கிடைத்தால் போதும் என்று தவம் கிடக்கிறவர்கள் எல்லோரும் தெருவில் இறங்கி வானத்தைப் பார்த்தார்கள். பக்கத்துக் கடைக்காரர், "வந்துரும்ல மொதலாளி?" என்று கேட்டார். வந்துவிடும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, வேண்டாம் என்று மனதுக்குள் கும்பிட்டேன். மழை பெய்தால்தான் எனக்கு வியாபாரம், மழை பெய்தால்தான் இந்த ஊருக்குச் சோறு. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டேன். இன்றைக்கு விட்டாலும் ஐப்பசியில் வந்துதான் தீரும், அதுவும் எனக்குத் தெரியும்.

நாலு தூறல் போட்டுவிட்டு நின்றுவிட்டது. தெருவில் எல்லோரும் வானத்தைத் திட்டிக்கொண்டு கலைந்தார்கள். நான் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, உன் மேசைமேல் பேனாவை வைத்துப் பார்த்தேன்.

இன்னும் உருளவில்லை, தாயி.