வாசலில் மாற்றும் சட்டை

ஆம்பூர்
12.8.2003

என் செல்ல மகள் எப்சிக்கு,

சுண்ணாம்புத் தொட்டியோடு இத்தனை வருஷம் புழங்கியும் வெளுக்காத உன் அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை நெல்வினும் சுகமா? மஸ்கட்டில் வெயில் ஜாஸ்தி என்று எழுதியிருந்தாய்.

இங்கே எனக்குத்தான் பேஜார். தோல் பதனிடும் டேனரியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த பிறகு, நான் நாறுகிறேன் என்று உன் அம்மா இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறாள். வாசலிலேயே சட்டையை மாற்ற வேண்டுமாம். மாற்றுகிறேன், சோப்பு கரையக் கரையக் குளிக்கிறேன். லீவு நாளிலும் வீட்டில் வாடை போகவில்லை. என் வாடை புடவையில் ஏறிவிட்டது என்று ஆலயத்தில் கடைசி பெஞ்சில் தனியாக உட்காருகிறாள். பாவம், அவளும் தினம் மூன்று தடவை குளிக்கிறாள்.

நாற்றம் பிடித்த அப்பா,
ஐசக்

மஸ்கட்
27.8.2003

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாடை உங்களுடையது இல்லை அப்பா. மகள் கேட்கக் கூடாததை நர்ஸாகக் கேட்கிறேன். தீட்டு நின்றுபோன அம்மாவுக்கு மறுபடி உதிரம் படுகிறதா? கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

எப்சி

ஆம்பூர்
14.9.2003

எப்சிம்மா,

போய் வந்தோம். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். முற்றிவிட்டதாம். கரண்டு வைப்பார்களாம், கதிர்வீச்சு.

பஸ்ஸில் உன் அம்மா சொன்னாள்: “நாத்தம் என்னுதுன்னு தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்க. உங்க மேல போட்டா சிரிச்சிட்டுப் போய்டுவீங்கன்னு தெரியும்.” இத்தனை நாளும் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

எதனால் வந்தது என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். ஒரு வைரஸாம். புருஷன் பெண்டாட்டி உறவில் தொற்றுவதாம். ரொம்பப் பேருக்கு வந்து தானே போய்விடும், சிலரிடம் பல வருஷம் தங்கி இப்படிச் செய்யும், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று சொல்லவே முடியாது என்றார். கல்யாணத்துக்கு முன் தோல் லோடோடு கல்கத்தா போய்வந்த காலத்தை நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் மகளுக்கு எழுத முடியாது.

அப்பா

ஆம்பூர்
20.6.2004

எப்சிம்மா,

அடக்கத்துக்கு வந்து பத்து நாள் இருந்தாய். எனக்குச் சோறு போட்டாய், முகம் பார்க்கவில்லை. அது நியாயம்தான்.

கடைசி வாரம் உன் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். குளித்துவிட்டு வருகிறேன் என்றேன். “இன்னாத்துக்கு? அப்படியே வாங்க” என்றாள். ஆனாலும் இன்றுவரை சட்டையை வாசலில்தான் மாற்றுகிறேன். சொல்லத்தான் ஆளில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நோய் முற்றும் முன்பே காட்டிக்கொடுக்கும் சோதனை இருக்கிறதாமே, நீ எடுத்துக்கொள். எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். ‘எடுத்தேன்’ என்று ஒரு வார்த்தை போதும்.

அப்பா

மஸ்கட்
18.7.2004

அப்பா,

எடுத்தேன். ஒன்றும் இல்லை.

இனி வாசலில் சட்டையை மாற்றாதீர்கள். அப்படியே உள்ளே போங்கள்.

எப்சி