என்னுது என்று சொல்லத் தெரியாத உன் அம்மா

டூசான்,
அக்டோபர் மாதம், ஞாயிறு மாலை.

அன்பு மகள் நெரெய்தாவுக்கு உன் அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்காலைத் தவிர, அதைக் கணக்கில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளை கைலும் அந்த அலாஸ்காக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க மக்தலேனாவின் புனித பிரான்சிஸிடம் வேண்டிக்கொண்டே இருக்கிறோம். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் போனை எடுத்த உடனே உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அவளை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய கதையும் இல்லை இது.

உன் வீட்டு மாதுளை இந்த வருடம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொல், பயப்பட வேண்டாம், நான் சொல்வது இங்கே நாங்கள் குடியிருக்கும் வீட்டைத்தான். உங்களுக்குக் கல்யாணமான புதிதில் உன் அம்மா போனில் அவரிடம் "நேத்து உங்க வீட்டுல மாதுளை பறிச்சோம்" என்று சொல்ல, "எங்க வீட்டுக்கு எப்ப வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே பாவம் மனுஷன் ஜன்னலைத் திறந்து தோட்டத்தைப் பார்த்தாராமே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. எல்லை தாண்டி வந்த நம் சொனோராக்காரர்களின் மரியாதை அவருக்கு எப்படித் தெரியும்? சொந்த வீட்டையும் கேட்பவரின் வீடு என்று சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம், இது யாருடையது என்று யாராவது கேட்டால் உங்களுடையதுதான் என்று சொல்ல வேண்டும், என்னுடையது என்று சொன்ன பிள்ளைக்கு முதுகில் ஒன்று விழும். அந்த மரியாதைதான் உன் அம்மாவின் சலவைக்கடைக்கே வேட்டு வைக்கப் பார்த்தது.

உனக்குத் தெரியுமே, உணவகங்கள் எல்லாம் துணியை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு மாறிவிட்டன, மேஜை விரிப்பு துவைக்கக் கொடுக்க ஆளில்லை. பாதி மெஷின்கள் சும்மா நிற்கின்றன, வேலைக்கு இருக்கும் பெண்களை எப்படி அனுப்புவது என்று உன் அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் படுக்கை விரிப்புகளைத் துவைக்க ஆள் தேடுகிறார்கள் என்று உன் சித்தி மகள் தலிலா சொன்னாள். ஆனால் பெண் நடத்தும் தொழில் என்ற சான்றிதழ் இருந்தால்தான் அந்த வேலை. நூற்றுக்கு ஐம்பத்தொரு பங்காவது பெண்ணுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், முடிவெடுப்பவளும் அவளாகவே இருக்க வேண்டும். ராத்திரி இழுத்துக்கொள்ளும் போர்வையில் ஐம்பத்தொரு பங்கு எப்போதோ அவளுக்குப் போய்விட்டது என்று நான் சொன்னேன், தலிலா சிரிக்கவில்லை. "பெரியப்பா, விசாரிக்க வர்றப்ப நீங்க வாயே திறக்கக் கூடாது, நீங்க பேசினா உங்க கடைன்னு எழுதிடுவாங்க" என்று என்னை மிரட்டி வைத்தாள். நானும் ட்ரையருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

சான்றிதழுக்காக விசாரிக்க வந்தது சின்னப் பெண், அடேலின் என்று பெயர், தாத்தா காலத்திலேயே இங்கே வந்த குடும்பமாம், ஸ்பானிஷைப் பள்ளிக்கூடத்தில் படித்துப் பேசுகிறாள். உன் அம்மாவுக்கு மரியாதை செய்வதாக நினைத்து நம் மொழியிலேயே கேட்டாள், அங்கேதான் வந்தது வினை. "இந்தக் கடை யாரோடதுங்க?" என்றாள். உன் அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் கையை விரித்து, "உங்களுதுதாம்மா, வாங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் முகம் சிவந்து மறுபடியும் கேட்டாள். "உங்களுதுதான், எப்ப வேணும்னாலும் வாங்க" என்று இவள் இன்னும் அழுத்திச் சொன்னாள். தலிலா தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்குத் தொண்டை வரை வார்த்தை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பத்து நாள் கழித்துத் தலிலாவுக்குப் போன் வந்தது, யார் உரிமையாளர் என்று விளங்கவில்லை, இன்னொரு முறை வருகிறோம், அப்போதும் விளங்காவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி என்று.

அந்த நாட்களில் நான் பட்ட பாட்டைக் கேள். வண்டியில் போகும்போதெல்லாம் பாடம் எடுத்தேன். "தெஞ்சா, கடை யாரோடது?" என்று உன் அம்மாவைக் கேட்பேன். "உங்..." என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொள்வாள். "வந்தவங்க மூஞ்சிக்கு நேரா என்னுதுன்னு சொல்றதா? எங்கம்மா கேட்டிருந்தா நாண்டுக்கிட்டுச் செத்திருப்பா" என்று என் மேல் பாய்வாள். எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்தது மகளே. மூடிப்போன விடுதியிலிருந்து அந்தக் கிழட்டு மெஷினைக் கொண்டுவந்தோமே, நீ அதற்குக் குண்டம்மா என்று பெயர் வைத்தாயே, அது குலுங்கும்போது அதன் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய், எழுத்தெல்லாம் கோணல். ட்ரையரிலிருந்து எடுத்த சூடான விரிப்புக் குவியலில் நீ தூங்கிப்போவாய், உன்னை எழுப்ப மனமில்லாமல் உன் அம்மா மடிக்கிற வேலையை மறுநாளுக்குத் தள்ளிவைப்பாள். கஞ்சி வாசனையும் உன் தலைமுடி வாசனையும் ஒன்றாக இருந்த காலம். அந்த நாட்கள் போய்விட்டன, எனக்கு அவை வேண்டும் என்று சில நேரம் குழந்தை மாதிரி அடம்பிடிக்கத் தோன்றுகிறது.

அடேலின் மறுபடியும் வந்தாள். அதே கேள்வி. உன் அம்மா என்னைப் பார்த்தாள், தலிலாவைப் பார்த்தாள். கடைசியில் "உங்களுக்கே தெரியுமேம்மா" என்று இழுத்தாள். சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெண் கெட்டிக்காரி. பேனாவை மூடி வைத்துவிட்டு, "கடை உங்களுதுன்னு அன்னிக்கு என்கிட்ட சொன்னீங்கல்ல, அப்ப சரி, என் கடையில இந்தப் பழைய தகரம் எதுக்கு, நாளைக்கே இதைத் தூக்கிப் போட்டுடலாம்" என்று சொல்லிக் குண்டம்மா மேல் கையை வைத்தாள். உன் அம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "கையை எடு! அது என்னுது! இந்த மெஷினு என்னுது, அந்த மெஷினு என்னுது, நீ நிக்கிற தரையும் என்னுது, என்னைக் கேக்காம இங்க ஒரு சாக்ஸைக் கூட எவனும் தொட முடியாது, அதோ அந்த மனுஷனையும் சேத்து!" என்று என்னையும் கைநீட்டிக் காட்டினாள். துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அடேலின் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தாள். உன் அம்மாவுக்கு உடனே வெட்கம் வந்துவிட்டது, வீட்டில் வெல்லம் வைத்துச் சுட்ட கொயோத்தா பிஸ்கட்டைத் தட்டு நிறைய வைத்து நீட்டினாள், வேலை நேரத்தில் எதையும் வாங்கக் கூடாது என்று அந்தப் பெண் மறுத்ததற்கு இவள் இன்னும் வருத்தப்படுகிறாள். நான் ட்ரையருக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சான்றிதழ் புதன்கிழமை வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டார்கள், யாரையும் வேலையைவிட்டு அனுப்ப வேண்டியதில்லை. இப்போது வீட்டில் இவளோடு காலம் தள்ள முடியவில்லை, என் நாற்காலி, என் காபி, என் கிழவன் என்று எல்லாவற்றுக்கும் முத்திரை குத்துகிறாள். நேற்று சாப்பிடும்போது சும்மா சீண்டிப் பார்த்தேன், அப்படியானால் இந்த வீடும் உன்னுதுதானே என்று. கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "வீடு நெரெய்தாவோடது. அதை மட்டும் நான் ஒரு நாளும் மரியாதைக்காகச் சொன்னதில்ல" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு விடுமுறை கிடைக்குமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது. பனிக்கு முன்னால் வண்டி டயரை மாற்றிவிடு, உன் ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. நான் இதையெல்லாம் எழுதினேன் என்று அம்மாவிடம் மூச்சு விடாதே. ஆண்டவர் உங்கள் இரண்டு பேரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் அம்மாவின் முத்தங்களும் இதில் சேர்ந்திருக்கின்றன, அவளைக் கேட்காமலேயே சேர்த்துவிட்டேன்.

உன் வீட்டிலிருந்து,
உன் அப்பா லிப்ராதோ