தூக்குவாளியில் இருந்த பெயர்

மத்தியச் சிறை, மதுரை
9.11.2025

அன்புள்ள மகாவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன். மதுரையில் புழுக்கம் இன்னும் குறையவில்லை. நாயுடுபுரத்துக் குளிரில் உன் கம்பளியைப் பிடுங்கிப் போர்த்திக்கொண்டு உன்னிடம் திட்டு வாங்குவேனே, அதையே நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். முன்பல் விழுந்ததால் பாப்பா சிரிக்க மாட்டேன் என்கிறாளாமே. கேலி செய்தாவது சிரிக்க வை.

லீலாவின் எம்பிராய்டரி கடையில் கம்ப்யூட்டர் பழகுவதாகப் போன முறை மனு போட்டு என்னைப் பார்க்க வந்தபோது சொன்னாய். அங்கே போடுகிற கூச்சலில் பாதி காதில் விழவில்லை. பாவாடைக்கு ஓரம் அடிக்கவே அலுத்துக்கொள்பவள் நீ. உனக்குக் கம்ப்யூட்டரா! விவரமாக எழுது.

இன்னொன்று. வழக்கு தை மாதம் நம் தரப்புச் சாட்சிக்கு வருகிறது. வக்கீல் செந்தில்வேல் உன்னைப் பார்க்க வருவார். பயப்பட ஒன்றுமில்லை. விபத்து நடந்த அன்று காலை நான் வெள்ளனே எழுந்து குளித்து, விபூதி பூசி, நீ சுட்ட இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வண்டி எடுத்ததைச் சொன்னால் போதும். பிரேக் பிடிக்காமல் போனது என் விதி. பெருமாள்மலை டீக்கடைக்காரன் என் வாயில் வாடை அடித்தது என்கிறான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அன்று வீட்டில் இருந்தவள் நீ ஒருத்திதான். உன் வார்த்தைதான் நிற்கும்.

உன்னையே நம்பியிருக்கும்,
குருநாதன்

•

நாயுடுபுரம், கொடைக்கானல்
18.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மகா எழுதுவது. பாப்பா இப்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கார்த்திகை மழை விடாமல் பெய்கிறது. பின்பக்கத் தகரம் ஒழுகுகிறது. நீங்கள் இருந்தால் ஏறிப் பார்ப்பீர்கள்.

கேலி போதும், வேலையைக் கேளுங்கள். மிஷினுக்கு எழுத்து தெரியாது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் போக வேண்டும், எங்கே நூலை அறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்துக்கும் நாம்தான் கம்ப்யூட்டரில் வழி போட்டுக் கொடுக்க வேண்டும். இங்கிலீஷ் எழுத்து எல்லாம் தயாராகவே வருகிறது, தட்டினால் போதும். தமிழ் எழுத்தைப் படமாகப் பிடித்து அடியில் வைத்து, அதன் ஓரத்தோடு புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். பழனி பாதயாத்திரைக் குழுக்காரர்கள் எல்லாரும் துண்டிலே பெயர் கேட்கிறார்கள். லீலாவுக்குப் பொறுமை கிடையாது, அதனால் தமிழ் முழுக்க என் தலையில்.

முதலில் போட்ட 'முருகா'வைப் பார்த்திருந்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். கம்ப்யூட்டரில் மணிமணியாக இருந்தது. துணியில் அடித்ததும் சுழியெல்லாம் அடைத்துப்போய் கொழுக்கட்டை மாதிரி நின்றது. "நூல் போற பக்கம் துணி சுருங்கும்க்கா. ஸ்கிரீன்ல கொஞ்சம் அகலமா வச்சாத்தான் கிளாத்ல கரெக்டா வரும்" என்றாள் லீலா. என்னைவிடச் சின்னவள், ஆனால் அதட்டலில் குறைவில்லை. இப்போது ஓரளவு கை வந்திருக்கிறது. அந்த நேரத்தில் மட்டும் மனசு வேறு எங்கும் போவதில்லை மாமா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
மகா

•

மத்தியச் சிறை, மதுரை
30.11.2025

அன்புள்ள மகாவுக்கு,

ஊசிக்கும் நூலுக்கும் அவ்வளவு எழுதினாய். நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. வக்கீல் வந்தபோதும் தலைவலி என்று சொல்லித் திருப்பி அனுப்பினாயாம். அவர் முகம் சுளித்துக்கொண்டு வந்து என்னிடம் சொல்கிறார். எனக்கு எப்படி இருக்கும்?

ஒரு நாள் காலைதான் மகா. குளித்தது, விபூதி, இட்லி. இதைச் சொல்ல உனக்கு என்ன கஷ்டம்? செத்துப்போன பெண் திரும்பி வரப்போவதில்லை. நான் வெளியே வந்தால் பாப்பாவுக்கு அப்பா இருப்பான். வராவிட்டால் 'ஜெயில்காரன் மகள்' என்றுதான் அவளைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவார்கள். அதையும் துணியில் தைத்துக் கொடுப்பாயா?

கோபத்தில் எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. இரவில் தூக்கமே வருவதில்லை. பதில் போடு.

குருநாதன்

•

நாயுடுபுரம்
15.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் எழுதியதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இந்தக் கடிதம் வேறு ஒன்றைச் சொல்ல.

போன வாரம் கடைக்கு மேல்மலையிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். பூம்பாறைப் பக்கம். பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்து மேசையில் வைத்தார்கள். மேலே பெயர் வெட்டியிருந்தது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"எம்மக மொதச் சம்பளத்துல வாங்குன வாளி தாயி. பாத்திரக்கடையில பேரு வெட்டயில, தன் கையாலயே எழுதிக் குடுத்து இப்படியே வெட்டுன்னா. காவடி எடுக்கிறேன்னு மாலை போட்டிருந்தா. அதுக்குள்ள போயிட்டா. வருசம் திரும்பப்போகுது, அவ நேந்ததை நான்தான் தீக்கணும். காவடியில போத்துற மஞ்சத் துணியில இந்த எழுத்து மாதிரியே அவ பேரைப் போட்டுக் குடு" என்றார்கள்.

வாளியைத் திருப்பிப் பார்த்தேன். வள்ளிமயில்.

மாமா, நீங்கள் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. 'அந்தப் பெண்' என்றுதான் சொல்வீர்கள். நான் பேப்பரில் படித்திருக்கிறேன். போன மார்கழியில் கூலியாட்களோடு உங்கள் வண்டியின் பின்னால் உட்கார்ந்து பெருமாள்மலைப் பக்கம் காபிப் பழம் பறிக்கப் போய் அந்த விபத்தில் செத்த பெண். அந்த அம்மா சின்னத்தாயி. நீங்கள் வர வேண்டாம் என்று சொன்னதால் நான் ஒருநாளும் கோர்ட்டுக்கு வந்ததில்லை. அதனால் அவர்களுக்கு என்னைத் தெரியவில்லை. லீலா வாளியை வாங்கி என் கையில் கொடுத்து, "தமிழ் உங்களுக்குத்தான்க்கா" என்று சொல்லிவிட்டாள்.

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வாளியை வாங்கி வைத்துவிட்டேன். நான் என்ன செய்யட்டும்?

மகா

•

மத்தியச் சிறை, மதுரை
23.12.2025

அன்புள்ள மகாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். இது முருகனே காட்டும் வழி. அந்த அம்மாவை உன்னிடமே அனுப்பியிருக்கிறானே!

வேலையை அழகாகச் செய். காசு வாங்காதே, சாமி காரியம் என்று சொல். நீ யார் என்று இப்போது சொல்ல வேண்டாம். துணியைப் பார்த்து அவர்கள் மனம் இளகும். அப்போது பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் காலில் விழு. 'மன்னித்துவிட்டேன்' என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் வக்கீல் அதை எழுதி வாங்கிக்கொள்வார். நீயும் சாட்சிக் கூண்டில் ஏறி நான் சொன்னதைச் சொல்லிவிட்டால் சித்திரைக்குள் நான் வீட்டில் இருப்பேன்.

லீலாவிடம் வாயை விட்டுவிடாதே. தகரத்தை நானே வந்து மாற்றுகிறேன்.

உன்,
குருநாதன்

•

நாயுடுபுரம்
12.1.2026

மாமாவுக்கு,

பாப்பா நலம். தகரத்துக்கு மலைச்சாமி அண்ணனை வைத்துத் தார் அடித்துவிட்டேன்.

வாளியைப் போனில் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அந்தப் பெண் எழுத்தைச் சாய்த்து எழுதுவாள். 'ள்' போடும்போது சுழியைச் சின்னதாக வைத்து வாலை நீட்டிவிடுவாள். ஒரு கோடு விடாமல் அப்படியே புள்ளி வைத்தேன். அவள் எழுத்தை மாற்ற எனக்கு என்ன உரிமை? பழைய துணியில் அடித்துப் பார்த்து, அடைத்த சுழியைத் திறந்து, மறுபடி அடித்தேன். வேலை தேறியது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நேற்று சின்னத்தாயி அம்மா வந்தார்கள். அடித்துப் பார்த்த துணியை மடியில் விரித்து விரலால் தடவினார்கள். வள்ளி வரைக்கும் விரல் ஓடியது. மயிலில் நின்றுவிட்டது.

"இது என்ன தாயி, இங்க கோணிக் கெடக்கு?"

"வாளியில அப்படித்தாம்மா இருந்துச்சு. அவங்க எழுதுனபடியே போட்டேன்."

அந்த அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார்கள். கோபமே இல்லை. "அது எம்மக எழுதுனது இல்லம்மா. வண்டி நசுக்குனது" என்றார்கள்.

மாமா, வாளி நசுங்கிய இடத்தில் எழுத்து வளைந்திருந்தது. நான் அந்த வளைவையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். நீங்கள் செய்ததை அவள் கையெழுத்து என்று நினைத்து, மஞ்சள் துணியில் ஏற்றி, சாமிக்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன். அங்கேயே அழுதுவிட்டேன். நான் குருநாதன் பெண்சாதி என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லச் சொன்ன நேரத்தில் இல்லை, நீங்கள் சொல்லிக் கொடுத்த மாதிரியும் இல்லை. பாப்பா கூட இல்லை. காலில் விழவும் இல்லை.

லீலா மிஷினை நிறுத்திவிட்டாள். அந்த அம்மா துணியை மடித்தார்கள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. அப்புறம் கேட்டார்கள்:

"கோர்ட்டுல ஆளுக்கொன்னு சொல்றாக. நீ வீட்டுல இருந்தவ. அன்னைக்கு உம்புருசன் குடிச்சிருந்தானா?"

"ஆமாம்மா" என்றேன்.

அன்று இட்லியும் இல்லை, விபூதியும் இல்லை. விடிந்ததும் மிச்சம் இருந்ததைக் குடித்தீர்கள். வண்டி எடுக்காதீர்கள் என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். கையை முறுக்கிப் பிடுங்கிக்கொண்டு போனீர்கள். எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

மன்னித்தேன் என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எழுந்து போகும்போது, "எழுத்தை நேராக்கி வெரசா குடு. பூசத்துக்கு நடக்கணும்" என்றார்கள். அவ்வளவுதான். இன்று காலை அந்த மூன்று எழுத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். நசுங்குவதற்கு முன் அவள் எப்படி எழுதியிருப்பாள் என்று மற்ற எழுத்துகளைப் பார்த்து ஊகித்துத்தான் போட முடிந்தது.

வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். கூண்டில் ஏறினால் அந்த அம்மாவிடம் சொன்னதைத்தான் சொல்வேன். அதனால் நீங்கள் எத்தனை வருடம் உள்ளே இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பாப்பாவுக்கு வயது வந்ததும் அதை நானே அவளிடம் சொல்லுவேன். உங்கள் மேல் எனக்கு ஆசை விட்டுப்போகவில்லை. அந்தக் கம்பளியை இன்னும் துவைக்கவில்லை.

தீர்ப்பு வரும்வரை மனு போட்டு உங்களைப் பார்க்க வரமாட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் மாற்றிச் சொல்லிவிடுவேன்.

மகாதேவி