மேக்கு வரிசைச் சவுக்கு

கோவமே வராத என் மனுசருக்கு,

உடம்பு அசந்து கெடக்கு. காலையிலருந்து நம்ம எரியோட்டுத் தோட்டத்துல சவுக்குக் காய் பறிச்சு, விதைக்கு வெயில்ல விரிச்சுப் போட்டேன். "செத்த நேரம் உக்காரு புள்ள"ன்னு சொல்ல நீங்க இல்ல.

அய்யலூர் மாரியப்பன் வந்தாரு. மூணு வருசத்துக்கு முன்னால நம்மகிட்ட கன்னு வாங்குனவரு. தோப்பு முழுக்கக் கோணலாம். கத்தல, நம்ம தாய் மரங்களத்தான் அண்ணாந்து பாத்தாரு.

"தாயி இம்புட்டு நேரா நிக்குதே அக்கா, அப்பன் யாரு? சவுக்குக்குக் காத்துதான தரகன்?"

நான் மேக்க பாத்தேன். ஆடிக் காத்து என் மல்லிச்செடிய அடிக்குதுன்னு நான் அடம்பிடிச்சு நட்ட வரிசை. கழிச்சுப்போட்ட கோணக் கன்னுக, அம்புட்டும் ஆண் மரமாப் போச்சு. நுனியெல்லாம் பூ. ஒரு காத்து அடிச்சதும் மஞ்சத் தூளு கெளம்பி நேரா தாய் மரத்துக்குப் போகுது. இப்ப கொஞ்ச வருசமா கொடியில காயுற சேலையிலருந்து நான் தட்டிவிட்ட அதே தூசி.

அப்பத்தான் உங்க தொரட்டி நெனப்பு வந்துச்சு. பூக்குற சமயம் அந்த வரிசையில மட்டும் நுனி நுனியா ஒடிச்சுப் போடுவீக. "ஆடு மோந்துகூடப் பாக்காத தழைய எதுக்கு ஒடிக்கிறீக? வேலையத்த வேலை"ன்னு ஏசுவேன். சிரிச்சுக்கிருவீக. வெட்டிறலாமான்னு ஒரே ஒருவாட்டி கேட்டீக. நான் ரெண்டு நாள் உலை வைக்கல. அதோட விட்டுட்டீக.

முட்டி வீங்கி நீங்க தொரட்டி தூக்காத வருசத்து விதைதான், மாரியப்பனுக்குப் போன கன்னு. நீங்க போறதுக்கு முந்தி வேற ஒருத்தருகிட்டருந்து இதே பொகார் வந்தப்ப, கன்னு வாங்க வந்தவங்க முன்னாடியே "விதைக்கு மரம் பாக்கத் தெரியாத மனுசன்"னு கத்துனேனே, பாவி! ஏன் வாயத் தொறக்கல? நான் தாங்கமாட்டேன்னு நெனச்சீகளா? இப்ப மட்டும் தாங்குதா?

நாளைக்கு மரம் வெட்ட ஆளு வாராக. மல்லி சாஞ்சா சாயட்டும். வரிசை போனபெறகு பூக்குற பூவுல எடுத்த விதையிலதான் மாரியப்பனுக்குப் புதுக்கன்னு. நாலு பேரு முன்னாடி உங்கள ஏசுனவ, நாலு பேரு முன்னாடியே சொல்லுவேன்: என் மனுசன் பாத்த மரம் சரிதான், கோணல் நான் நட்டது.

அடம்பிடிச்ச உங்க வீட்டுக்காரி,
பாண்டியம்மா