பேக்கரிச் சுவரில் உன் முகம்

அன்பு மகள் நெவேனாவுக்கு,

அம்மா ஆசியுடன் எழுதுவது. இங்கே நான் நலம், அறுவை செய்த வலது கண் என்னைவிட நலம். அங்கே டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளை கலோயானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, தெரியும் என்று எழுத முடியவில்லை. போன் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று கேட்பாய். போனில் என் பெயரைப் பார்த்தால் நீ ஹலோகூடச் சொல்வதில்லை, "யாரும்மா போனது, வயசு என்ன, எத்தனை தாள்?" என்றுதான் எடுக்கிறாய், நானும் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் இந்த முறை தபாலில் வருகிறேன், இதற்கு நீ அவசரமாக எதுவும் செய்து அனுப்ப வேண்டியதில்லை.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மிளகாய் சுட்டுத் தோலுரித்து போத்தலில் அடைத்துவிட்டேன், ஒற்றைக் கண்ணோடு செய்ததால் இந்த வருடம் தோலும் கொஞ்சம் சேர்ந்திருக்கும், சாப்பிடுகிறவர்கள் மன்னிக்க வேண்டும். பக்கத்து வீட்டு நாய் நம் கோழி ஒன்றைத் தூக்கிவிட்டது, சண்டை போட்டேன், பதிலுக்கு ஒரு பூசணி கொடுத்தார்கள். இதையெல்லாம் சொல்லி இரண்டு வருடமாகிறது இல்லையா, உன் அப்பா போனதிலிருந்து நாம் பேசியதெல்லாம் இரங்கல் தாள்தான். அவருடைய சவப்பெட்டிக் கடையை மூட மனமில்லாமல் நான் இங்கிருந்து பெயரும் படமும் அனுப்ப, நீ அங்கே உன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கறுப்புக் கட்டம் போட்டுத் தாளைத் தயாரிக்க, அச்சகத்தில் அடித்து நம் கடை ஆள் மின்கோ ஊர்ச் சுவர்களில் ஒட்ட, நன்றாகத்தான் ஓடியது. நன்றாக ஓடியதுதான் வினை.

நடந்ததைப் போனில் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டோம், அது எனக்கு எப்படி நடந்தது என்பதை நீ கேட்கவில்லை, சொல்கிறேன். கண்ணில் கட்டு இருந்த வாரம் நீயே நேராக அச்சகத்துக்கு அனுப்பினாய் அல்லவா, அந்தத் தாள் எதையும் நான் பார்க்கவில்லை. கட்டு அவிழ்த்த மறுநாள் காலையில் ரொட்டி வாங்கப் போனேன். வருடக்கணக்காகப் புகைக்குள் கிடந்த ஊர், ஓடு ஓடாகத் தெரிகிறது, மலையில் மரம் மரமாகத் தெரிகிறது, எனக்குச் சிரிப்பாக வந்தது. பேக்கரிச் சுவரில் நம் கடைத் தாள், ஈரம்கூடக் காயவில்லை. நம் கட்டம், நம் சிலுவை, நீ இல்லாத ஆறு மாதங்கள் என்று நம் வரி, கீழே இஸ்க்ராவின் பெயர், அதுதான் ஸ்டமேனாவின் மகள், வசந்தத்தில் மலைப்பாதையில் கார் கவிழ்ந்து போனாளே, உன் வயது. நடுவில் நீ.

படகில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாய். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாய். நெற்றிக்கு மேலே ஒரு கற்றை நரைத்திருந்தது. எப்போது வெட்டினாய் நெவேனா, எப்போது நரைத்தது? பெற்றவளுக்கு மகளின் நரை இரங்கல் தாளைப் பார்த்துத்தான் தெரிய வேண்டுமா? தவறு என்று அடுத்த நொடியே புரிந்துவிட்டது, எனக்கா புரியாது, ஆனால் புரிவதற்கு முன்னால் ஒரு நொடி இருந்தது, அந்த நொடி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. கையிலிருந்த பை கீழே விழுந்தது. பேக்கரி ராதா ஓடிவந்து பிடித்துக்கொண்டு, "அட வெலிச்காக்கா, உயிரோட இருக்கறவங்க படம் இப்படி வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க, அழாதீங்க" என்றாள். அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, பாவம், அவள் அப்போதே உண்டாக்கினாள்.

உன்னைக் கூப்பிட்டேன். ஒரே போன், ஒரே இடத்தில் எல்லாப் படமும், தூக்கக் கலக்கத்தில் பக்கத்துப் படத்தைத் தொட்டுவிட்டேன் என்றாய். "சாரிம்மா, திருத்தி உடனே அனுப்பறேன், அவங்ககிட்ட காசு வாங்காத" என்றாய். நல்ல கடைக்காரி பேச்சு, உன் அப்பா இருந்தால் மெச்சியிருப்பார்.

மின்கோவிடம் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னேன். பக்கத்துக் கிராமத்து ஆள், உன்னை அவன் பார்த்ததே இல்லை, அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கிழிக்க மாட்டேன் என்று கையை விரித்துவிட்டான். "ஒட்டின தாளை மழைதான் எடுக்கணும், காத்துதான் எடுக்கணும், கிழிச்சா ரெண்டாவது தடவ சாகடிச்ச மாதிரிக்கா, அதுவும் ஒங்க பொண்ணு மூஞ்சி, நான் தொடமாட்டேன்." அவன் சொல்வதும் நம் வழக்கம்தானே. மழைக்குக் காத்திருக்கவும் என்னால் முடியவில்லை. கெட்டிலில் வெந்நீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு நானே போனேன். குழந்தையின் காய்ந்த மூக்கைத் துடைப்போமே, அப்படி ஓரத்திலிருந்து ஊறவைத்து ஊறவைத்து முழுசாக உரித்தேன். பேருந்து நிறுத்தம், கோவில் வாசல், பள்ளி எதிரே இருக்கும் மரம். பார்த்தவர்கள் எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள்.

கடைசியாக ஸ்டமேனா வீட்டு வாசல். அங்கே போகத்தான் எனக்குக் கால் வரவில்லை. மகளின் ஆறாம் மாத நினைவுப் படையலுக்குக் கோதுமை அவித்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். கதவில் இருந்த உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "காலையில கதவத் தொறந்தேன், என் பொண்ண அங்கயும் காணோம்" என்றாள். பிறகு என் கையிலிருந்த பஞ்சை வாங்கி அவளே வெந்நீரில் முக்கி, "ஒன்னோடத ஒன்னால சுவத்துலருந்து எடுக்க முடியுது வெலிச்கா, எடுத்துட்டுப் போ" என்றாள். இருவருமாகத்தான் உரித்தோம். எரிக்கவும் புதைக்கவும் மனம் வராமல் எல்லாவற்றையும் நம் முற்றத்துக் குழாயடித் தொட்டியில் போட்டுக் கரைத்தேன்.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. இன்னொரு இடத்தில் ஒட்டிய ஞாபகம், எங்கே என்று தெரியவில்லை என்கிறான் மின்கோ. தினமும் புதுக் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு தெரு விடாமல் தேடுகிறேன், ஊரே என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறது. எங்கோ ஒரு சுவரில் நீ இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாய். பயமாக இருக்கிறது மகளே, வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

உன் அப்பா எப்படி இருந்தார், நினைத்துப் பார். முன்னறையில் கடை, பின்னால் வீடு, நடுவில் அந்தக் குழாய். கை கழுவாமல் இந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. ஒரு நாள் கழுவிவிட்டு வந்தவர், காதில் கடைப் பென்சில் இருக்கிறது என்று திரும்பிப் போய் வைத்துவிட்டு மறுபடி கழுவினார், சூப் ஆறிப்போனது, நான் கத்தினேன். சாப்பிடும்போது போனவர்கள் பெயரை எடுத்தால், "பேரச் சொல்லிக் கூப்பிட்டா அப்புறம் நாற்காலியும் போடணும் ஸ்பாஸ் வீட்டுல" என்று தன்னையே பெயர் சொல்லிக் கேலி செய்வார். கிறுக்கு என்று நாம் இருவரும் சிரித்தோம். போன குளிர்காலத்தில் போனில் உனக்குப் பின்னாலிருந்து கலோயான், "இன்னைக்கு மேசையில எத்தன பொணம், நான் எங்க தட்டு வைக்க?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது, அதற்கும் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. உனக்கு அங்கே முற்றம் இல்லை, குழாய் இல்லை, ஒரே மேசை, ஒரே போன், அதில் நம் ஊர்ப் பிணமெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறது. நீ நரைக்காமல் என்ன செய்வாய்?

ஆகவே யோசித்து முடிவெடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இந்த வாரத்திலிருந்து தாள் தயாரிக்கும் வேலையை அச்சகத்துக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள், பேசிவிட்டேன், அழகு கொஞ்சம் குறையும், போனவர்கள் கோபிக்கமாட்டார்கள். உன்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டேன். நீ எதைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும், அம்மாவிடம் தினமும் பேச ஒரு காரணம் வேண்டும் என்றுதான், எனக்கும் அதேதான். இனிமேல் காரணம் இல்லாமல் பேசிப் பழகுவோம், முதலில் இரண்டு பேருக்கும் நாக்கு எழும்பாது, பரவாயில்லை, கோழிக் கதை இருக்கிறது, பூசணி இருக்கிறது.

கடவுளும் உன் அப்பாவும் உன்னைக் காக்கட்டும், தீர்க்காயுசாக இரு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, அங்கே குளிர் பொல்லாதது. மாப்பிள்ளைக்கு என் ஆசி, அவர் தட்டை மேசையின் நடுவில் வைக்கச் சொல். மறக்காமல் அந்தப் படகுப் படத்தை எனக்கு அனுப்பு, கடைக்கு அல்ல, எனக்கு, கட்டமில்லாமல் ஒரு முறை பார்க்க வேண்டும். பிறகு ஊரில் யாரும் சாகாத ஒரு நாளில் கூப்பிடு, எடுத்ததும் ஹலோ சொல்.

இனி உன் முதலாளி இல்லாத,
உன் அம்மா
வெலிச்கா