கணுக்காலில் இறுக்கம், மேலே தளர்வு

மானிப்பாய்,
20.04.1993

அன்பு மகள் அருந்ததிக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நல்ல சுகம், அந்தக் குளிருக்குள் நீயும் சுகமாய் இருக்க வேண்டுகிறேன். பெரிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன் பிள்ளை, என் கால் ஆறிவிட்டது! ஒன்பது வருடப் புண், இடது கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கிடந்தது, இப்போது அந்த இடத்தில் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய புதுத்தோல்.

உன் கடிதம் மார்கழியில்தான் கப்பலில் வந்து சேர்ந்தது, அப்பா மூன்று தரம் வாசித்தார். இருபத்தெட்டு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று படிப்பித்ததில் கால் நாளங்களின் வால்வுகள் பழுதாகி, மேலே ஏற வேண்டிய இரத்தம் கீழே தேங்குகிறது, அந்தப் பாரம் உள்ளிருந்து அமத்துவதால்தான் சதையின் கலங்கள் ஆற வழியில்லாமல் கிடக்கின்றன, நீங்கள் வெளியிலிருந்து எதிர்த்து அமத்துங்கோ அம்மா என்று எழுதியிருந்தாய். கலங்களை இழுத்தும் அமத்தியும் பார்க்கிற உன் படிப்பு எதற்கு என்று இவ்வளவு காலமும் எனக்கு விளங்கவில்லை, அன்றைக்குத்தான் விளங்கியது.

பக்கத்து வளவு முத்துக்குமாரு அண்ணை வந்து, "உதென்ன விசர்க்கதை, புண்ணை இறுக்கிக் கட்டினால் அழுகிப் போகும், கடைசியிலை காலைத்தான் எடுக்க வேண்டி வரும்" என்று சத்தம் போட்டார். நான் பயந்துதான் போனேன். ஆனாலும் நீ சொன்னபடி, ஆஸ்பத்திரி வேலையிலிருந்து இளைப்பாறிய தாதி பூரணத்தைக் கூப்பிட்டு, இரத்தம் கீழே வரை ஒழுங்காய் வருகிறதா என்று பாதத்தில் நாடி பார்க்கச் சொன்னோம். அவள், "ஓம் டீச்சர், நல்லாத் துடிக்குது, பயப்பிடாமல் கட்டலாம்" என்றாள். இழுபடுகிற பண்டேச் இங்கே எங்கே கிடைக்கிறது, மருந்தே வருவதில்லை. அப்பா தன் வேட்டிகளை நாலு விரல் அகலத்தில் கிழித்து, அவித்துக் காயவைத்து, காலையில் நான் கட்டிலால் இறங்க முன்னமே விரலடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை சுற்றுவார், கணுக்காலில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. முதல் கிழமை நோ தாங்காமல், "அவிட்டு விடுங்கோ" என்று கத்தினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "விரல் நிறம் மாறேல்லை, நான் அவிழ்க்க மாட்டன், எழும்பி நடவும்" என்றார். முப்பத்தைந்து வருடத்தில் அந்த மனுசன் என்னோடு அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தரம். நடந்தேன். மூன்றாம் கிழமை வீக்கம் வற்றியது, பிறகு நாற்றம் போனது, பதினான்காம் கிழமை புண் மூடிக்கொண்டது.

வருடப்பிறப்பன்று தேர். நாற்றத்துக்குக் கூச்சப்பட்டுக் கோயில் பக்கமே போகாமல் கிடந்தவள், கட்டோடு நடந்துபோய் வடத்தில் கை வைத்தேன் பிள்ளை! தேர் அசைந்தபோது நான் அழுதேன் என்று அப்பா சொல்கிறார், சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம். மறுநாள் முத்துக்குமாரு அண்ணையே தன் தமக்கை தங்கமுத்துவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து அப்பாவிடம், "சோமசேகரம், அக்காவின்ரை காலையும் ஒருக்கால் கட்டி விடும்" என்றார். இப்போது மூன்று பேர் வருகிறார்கள், பூரணம் நாடி பார்க்கிறாள், அப்பா கட்டுகிறார், அவருக்கு உடுக்க இனி ஒரு வேட்டிதான் மிச்சம்.

உன் படிப்பும் உன் கைகளும் நீடூழி வாழ வேண்டும் மகளே, நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா கிழமைக்கு ஒருதரம் புண்ணின் ஓரத்தைத் தாளில் கோடு கீறி எடுத்து வைத்தவர், உன் பேராசிரியருக்குக் காட்டுவதற்காக எல்லாவற்றையும் இதோடு அனுப்புகிறேன். பதினான்காவது தாளில் ஒன்றுமே இல்லை, தவறி வைத்துவிட்டோம் என்று எறிந்துவிடாதே.

உன் அன்பு அம்மா,
சோ. பத்மாவதி