இங்கிட்டு என்று எழுதிய வயர்

மாப்ள,

சூடேறிய பேட்டரி நாற்றம் இன்னும் என் சட்டையில் இருக்கிறது. புதுக்கோட்டையில் நாம் இருவரும் நெட்வொர்க் வேலை செய்துகொடுத்தோமே, அந்த மருத்துவமனையில் இன்று ஒரு யூபிஎஸ்ஸைக் கழற்றிப் புதியதை வைத்தேன். நெட்வொர்க் சுவிட்சின் பின்னால் குனிந்தபோது, வயரில் நீ ஒட்டிய துண்டுத்தாள் கண்ணில் பட்டது. 'இங்கிட்டு'. ஊரெல்லாம் ஏ, பி என்று ஒட்டும். உனக்கு மட்டும் அங்கிட்டு, இங்கிட்டு.

அந்த சுவிட்சுக்கு இரண்டு பவர் சப்ளை. சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும், ஒன்று செத்தால் மற்றது சுவிட்சை அணையவிடாமல் முழுச்சுமையையும் தாங்கும். ஐசியூ மானிட்டர்களில் ஓடுவதெல்லாம் அதன் வழியாகத்தான் நர்ஸ் மேசைக்குப் போகிறது. நானோ இரண்டு வயரையும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகிவிட்டேன். இன்னொரு யூபிஎஸ்ஸுக்கு வயர் எட்டவில்லை. இரண்டு விளக்கும் பச்சையாகத்தானே எரிகிறது என்று இருந்துவிட்டேன்.

"ரெண்டு காலையும் ஒரே செருப்புல விட்டுட்டு நடக்கப் போறியா? அந்த யூபிஎஸ் போச்சுன்னா ரெண்டும்ல போகும்! நீள வயரு வாங்கி அங்கிட்டு ஒன்னு, இங்கிட்டு ஒன்னு மாட்டு. மாட்டிட்டு ஒன்னப் புடுங்கிப் பாரு" என்று சிஸ்டர்கள் முன்னாலேயே கத்தினாய். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் "மாத்திட்டேன்" என்றேன். மாற்றவில்லை. வெறும் வீம்பு.

அடுத்த மாதமே நெஞ்சுவலி என்று உன்னையே அந்த ஐசியூவில் படுக்கவைப்பார்கள் என்று யார் கண்டது?

வெளியே உன் மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். மதியம் கரண்ட் போனது. யூபிஎஸ் அறையிலிருந்து வீலென்று ஒரு சத்தம். சட்டென்று அதுவும் நின்றது. "என்னண்ணே?" என்று அவர் கேட்கக் கேட்க ஓடினேன். உன் படுக்கையோரத்து மானிட்டர் தன்பாட்டுக்கு ஓடும். ஆனால் உன் நெஞ்சு தடுமாறினால் மேசையிலிருக்கும் சிஸ்டருக்குத் தெரியாது. பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு அந்த அறைக் கதவைத் திறந்தேன்.

நான் செருகிய யூபிஎஸ் செத்துக் கிடந்தது. சுவிட்சில் ஒரு விளக்கு அணைந்திருந்தது. இன்னொன்று பச்சை. அதன் வயரைத் தடவிக்கொண்டே போனேன். புது வயர், நீளமானது. அந்த மூலையிலிருந்த மற்ற யூபிஎஸ்ஸில் போய் முடிந்தது. அதில் உன் எழுத்து. எப்போதடா வந்து மாற்றினாய்?

சாயங்காலம் உன்னைப் பார்க்க விட்டார்கள்.

"கரண்டு போச்சாமே. சுவிட்சு?"

"ஓடுச்சு மாப்ள."

"ஓடும்ல. நீதான மாத்துன?"

என் கண்ணையே பார்த்தாய். நான் தலையாட்டினேன். அத்தனைக்கும் பிறகு தலையாட்டினேன்! மூன்றாம் நாள் உன் நெஞ்சு நின்றுபோனது. அதில் எந்த வயருக்கும் பங்கில்லை என்று டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்றில்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

இப்போதெல்லாம் எங்கே வேலை முடித்தாலும் ஒரு வயரைப் பிடுங்கிப் பார்க்காமல் கிளம்புவதில்லை. மற்ற விளக்கைப் பார்த்த பிறகுதான் மூச்சே வரும். இன்றும் பிடுங்கினேன். சுவிட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. அறையில் யாருமில்லை. வாய்விட்டே சொன்னேன்:

"நா மாத்தல மாப்ள. நீதான் மாத்துன."